வீடு திரும்பிய பிறகு வரும் பில்

வாசகர் கேள்வி – பதில்

தனியார் மருத்துவமனையில் சிகிச்சை முடிந்து, கணக்கும் தீர்ந்து, வீட்டுக்கு வந்து பல மாதங்கள் ஆன பிறகு “உங்கள் பெயரில் பாக்கி நிற்கிறது” என்று வரும் அழைப்புகளையும் நோட்டீசுகளையும் பற்றித் தொடர்ந்து கடிதங்கள் வருகின்றன. அவற்றில் நான்கை இம்முறை எடுத்துக்கொள்கிறேன். எழுதியவர்களின் பெயர்களையும் மருத்துவமனைகளின் பெயர்களையும் தவிர்த்திருக்கிறோம்.

கேள்வி: என் அம்மாவுக்கு 63 வயது. சென்ற ஐப்பசியில் மதுரையில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் பித்தப்பைக் கல்லுக்காக லேப்ராஸ்கோபி முறையில் அறுவை சிகிச்சை செய்தோம். என் பெயரில் உள்ள குடும்பக் காப்பீட்டில், மருத்துவமனைக்குக் காப்பீட்டு நிறுவனமே நேரடியாகப் பணம் கட்டும் கேஷ்லெஸ் வசதி கிடைத்தது. டிஸ்சார்ஜ் அன்று காப்பீட்டில் வராத செலவு என்று 18,400 ரூபாய் கேட்டார்கள், கட்டினோம். பாக்கி எதுவும் இல்லை என்று சீட்டும் கொடுத்தே அனுப்பினார்கள். ஐந்து மாதம் கழித்து, 46,750 ரூபாய் பாக்கி என்று தொலைபேசியில் சொல்கிறார்கள். கணக்குக் கேட்டபோது வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு பக்கம் வந்தது. அதில் “இன்சூரன்ஸ் கழிவு 31,200, மயக்க மருந்து நிபுணர் 9,000, பயாப்ஸி 3,800, இதர 2,750” என்று நான்கு வரிகள் மட்டும் இருந்தன. ஒரு வாரத்தில் கட்டாவிட்டால் சட்ட நடவடிக்கை வரும், சிபில் மதிப்பெண் பாதிக்கும் என்கிறார்கள். அம்மா தன் வளையலை அடகு வைத்துக் கட்டிவிடலாம் என்று தினமும் சொல்கிறார். என்ன செய்யட்டும்?
— வாசகி, திண்டுக்கல்

பதில்: அம்மாவின் வளையல் பெட்டியிலேயே இருக்கட்டும். அவரிடம் முதலில் இரண்டு செய்திகளைச் சொல்லுங்கள். மருத்துவமனை பில் கடன் அட்டையோ வங்கிக் கடனோ அன்று; சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்களுக்கு விவரம் அனுப்புகிறவை வங்கிகளும் நிதி நிறுவனங்களும்தான். சிகிச்சைக்காக நிதி நிறுவனம் ஒன்றில் நீங்கள் தவணைக் கடன் வாங்கியிருந்தாலொழிய அந்த மிரட்டலுக்குப் பொருளில்லை. அடுத்து, பில் பாக்கி என்பது உரிமையியல் (சிவில்) விவகாரம். அதற்காகக் காவல்துறை வீட்டுக்கு வரும் என்று யாராவது சொன்னால், சொன்னவரின் பெயரையும் நேரத்தையும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

இத்தகைய பில் ஏன் தாமதமாக வருகிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். நான் சில ஆண்டுகள் ஒரு மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் வேலை பார்த்தவன். டிஸ்சார்ஜ் அன்று காப்பீட்டு நிறுவனம் அனுப்புவது அனுமதிக் கடிதம்தான். பணம் அன்றைக்கு வருவதில்லை. மருத்துவமனை எல்லாத் தாள்களையும் சேர்த்து அனுப்பி, அவர்கள் பரிசீலித்து, சிலவற்றைக் கழித்துக்கொண்டு பணம் அனுப்ப வாரக்கணக்கில் ஆகும், சில வேளை மாதக்கணக்கிலும் ஆகும். மார்ச் மாதக் கடைசியில் வரவேண்டிய தொகைக்கும் வந்த தொகைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பட்டியலாக அச்சிட்டு எங்கள் மேசையில் வைப்பார்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே நோயாளியின் கைபேசி எண் இருக்கும். ஏன் குறைந்தது என்று எழுதும் கட்டம் பெரும்பாலும் காலியாக இருக்கும். அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு அழைக்கத்தான் எங்களுக்குச் சொன்னார்கள். நானும் அழைத்திருக்கிறேன், மறுமுனையில் பெரியவர்கள் காரணம் கேட்டபோது என்னிடம் பதில் இருந்ததில்லை. உங்களுக்கு வந்த 31,200 ரூபாயும் அப்படிப்பட்ட ஒரு வரியாக இருக்க வாய்ப்பு உண்டு.

ஆகவே அந்த எண்ணை நீங்கள் பிரித்துப் பார்க்க வேண்டும். காப்பீட்டு நிறுவனம் உங்கள் மின்னஞ்சலுக்கு ஒரு செட்டில்மென்ட் கடிதம் அனுப்பியிருக்கும். கிடைக்கவில்லையென்றால் அவர்களுடைய செயலியிலோ வாடிக்கையாளர் சேவையிலோ பாலிசி எண்ணைக் கொடுத்து வாங்கிவிடலாம். எந்தத் தொகை எந்தக் காரணத்துக்காகக் கழிக்கப்பட்டது என்பது அதில் வரி வரியாக இருக்கும். அதை டிஸ்சார்ஜ் அன்றைய அனுமதிக் கடிதத்தோடும் இறுதி பில்லோடும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

கழிவுகளில் முதல் வகை, மருத்துவமனைக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் இடையே உள்ள ஒப்பந்தத் தள்ளுபடி. பித்தப்பை அறுவைக்கு இவ்வளவுதான் என்று அவர்கள் முன்பே பேசி ஒப்புக்கொண்ட விலை ஒன்று இருக்கும். பில் அதற்கு மேல் போனால் அந்த வித்தியாசத்தை மருத்துவமனை தானே ஏற்க வேண்டும், நோயாளியிடம் கேட்பது அந்த ஒப்பந்தத்துக்கே விரோதம். கடிதத்தில் ‘தள்ளுபடி’ அல்லது ‘ஒப்பந்தக் கட்டணத்துக்கு மேல்’ என்ற பொருளில் ஒரு வரி இருந்தால் அந்தத் தொகையை அப்படியே அடித்துவிடலாம். இரண்டாவது வகை, மருத்துவமனை உரிய தாள்களை அனுப்பாததால் ஏற்பட்ட கழிவு. ஒரு பரிசோதனையின் அறிக்கை இல்லை, மருந்துச் சீட்டு இல்லை என்று காரணம் இருக்கும். அது அவர்கள் அலுவலகத்தின் குறை. அந்தத் தாளை அனுப்பி அவர்களே கேட்டுப் பெற வேண்டிய பணம்.

மூன்றாவது, கையுறை, முகக்கவசம், பதிவுக் கட்டணம் போன்ற மருத்துவம் சாராத பொருட்கள். இவை பொதுவாக நோயாளியின் பொறுப்புதான். ஆனால் நீங்கள் அன்றே கட்டிய 18,400 ரூபாய் இவற்றுக்காகத்தானே? அந்த ரசீதில் உள்ள பொருள்களும் இப்போதைய கழிவுப் பட்டியலும் ஒன்றாக இருந்தால், ஒரே கையுறைக்கு இரண்டு முறை பணம் கேட்கிறார்கள் என்று பொருள். இதை நான் கற்பனையாகச் சொல்லவில்லை, பார்த்திருக்கிறேன்.

நான்காவது வகைதான் சிக்கலானது. உங்கள் பாலிசியில் அறை வாடகைக்கு உச்சவரம்பு இருந்து, அதைவிட உயர்ந்த அறையில் அம்மா தங்கியிருந்தால், மற்றச் செலவுகளையும் அந்த விகிதத்தில் குறைப்பார்கள். நாளொன்றுக்கு 3,000 ரூபாய் வரம்பு, எடுத்த அறை 4,500 என்று வைத்துக்கொள்வோம்; மூன்றில் இரண்டு பங்குதான் தருவார்கள். ஆனால் இதற்கு எல்லை உண்டு. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2020இல் வெளியிட்ட நெறிமுறைப்படி மருந்து, அறுவைக்கான நுகர்பொருள்கள், உடலில் பொருத்தும் கருவிகள், பரிசோதனைக் கட்டணம் ஆகியவற்றை இவ்வாறு குறைக்கக் கூடாது, ஐ.சி.யு. கட்டணத்தையும் குறைக்கக் கூடாது. அறைக்கு ஏற்பக் கட்டணம் மாறாத மருத்துவமனைகளில் இந்த விகிதக் குறைப்பே கூடாது. மருத்துவர், அறுவை அரங்கு முதலியவற்றுக்கு 60,000 ரூபாயும் மருந்துக்கும் பரிசோதனைக்கும் 30,000 ரூபாயும் ஆகியிருந்தால், 60,000இல் மூன்றில் ஒரு பங்கான 20,000 ரூபாயை அவர்கள் குறைக்கலாம். 30,000இலும் கைவைத்துப் பத்தாயிரம் குறைத்திருந்தால் அந்தப் பத்தாயிரம் தவறு. அந்தத் தவறு காப்பீட்டு நிறுவனத்துடையது. அவர்களுடைய குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். மறுத்தாலோ ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, அதிலிருந்து ஓராண்டுக்குள் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகத்துக்கு எழுதலாம். அங்கே கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் வேண்டாம்.

அடுத்த வரி மயக்க மருந்து நிபுணர். பல மருத்துவமனைகளில் இவர் நிரந்தர ஊழியர் அல்லர், அழைத்தால் வருபவர், மாதக் கடைசியில் தம் பில்லைக் கொடுப்பவர். ஆகவே தாமதத்துக்குக் காரணம் உண்டு. ஆனால் பித்தப்பை அறுவைக்குப் பெரும்பாலும் பேக்கேஜ் என்று ஒரே தொகை சொல்வார்கள். அதில் அறுவை நிபுணர், மயக்க மருந்து நிபுணர், அரங்கு எல்லாம் அடக்கம். சேர்க்கையின்போது கொடுத்த மதிப்பீட்டுத் தாளைத் தேடி எடுங்கள். அதில் பேக்கேஜ் என்று இருந்தால் 9,000 ரூபாய் கேட்க இடமே இல்லை. இல்லாவிட்டாலும், மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நடத்தை விதிமுறைகள், மருத்துவர் தம் கட்டணத்தைச் சிகிச்சைக்கு முன்பே அறிவிக்க வேண்டும், சிகிச்சை தொடங்கிய பிறகு அல்ல என்று தெளிவாகச் சொல்கின்றன. அந்த விதியைக் கடிதத்தில் குறிப்பிடுங்கள்.

பயாப்ஸி என்பதைப் பார்த்து அம்மா பயந்திருக்கலாம். எடுத்த பித்தப்பையை வழக்கமாகவே ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்ப்பார்கள். முடிவு வரச் சில நாள் ஆகும், அதற்குள் டிஸ்சார்ஜ் ஆகியிருக்கும். எனவே இந்த 3,800 ரூபாய் நியாயமான பாக்கியாகவே இருக்கலாம். ஆனால் அந்த அறிக்கை உங்கள் கையில் இருக்கிறதா? இல்லையென்றால், பணத்தை விட அதுதான் எனக்குக் கவலை. பித்தப்பையில் புற்றுநோய் அறிகுறி ஏதும் இல்லை என்று உறுதி செய்யும் தாள் அது. இந்த வாரமே நேரில் போய் வாங்கி, உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள்.

‘இதர’ என்ற சொல்லுக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. என்னவென்று எழுதித் தரச் சொல்லுங்கள். காப்பீட்டு அனுமதி வரத் தாமதமாகி, அதற்காகக் கூடுதலாக வைத்திருந்த நேரத்துக்கான வாடகையைச் சிலர் இப்படி எழுதுவதுண்டு. 2024 மே மாதம் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, டிஸ்சார்ஜ் கோரிக்கை வந்த 3 மணி நேரத்துக்குள் காப்பீட்டு நிறுவனம் இறுதி அனுமதி தர வேண்டும். அதற்கு மேல் தாமதமாகி மருத்துவமனை கூடுதலாக வசூலித்தால் அதை நிறுவனமே ஏற்க வேண்டும்.

இனிக் கடிதம். தொலைபேசியில் எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். மின்னஞ்சலிலும் ஒப்புகையுடன் கூடிய அஞ்சலிலும் இப்படி எழுதுங்கள்: “தாங்கள் கோரியுள்ள 46,750 ரூபாயை நான் ஏற்றுக்கொள்ளவில்லை. டிஸ்சார்ஜ் அன்று கேட்ட தொகை முழுவதையும் கட்டி, பாக்கி இல்லை என்ற சீட்டையும் பெற்றுள்ளேன், நகல் இணைத்துள்ளேன். பொருள் வாரியான இறுதி பில், சேர்க்கைப் படிவம், மதிப்பீட்டுத் தாள், ஒவ்வொரு கழிவுக்கும் காப்பீட்டு நிறுவனம் சொன்ன காரணம், பயாப்ஸி அறிக்கை ஆகியவற்றின் நகல்களைத் தந்தால் பரிசீலித்துப் பதில் எழுதுவேன்.” மருத்துவ ஆவணங்களை, கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பதும் அதே 2002 விதிமுறைகளில் உள்ளதுதான்.

ஒரு சொல்லில் மட்டும் கவனம் வேண்டும். “பாக்கியைச் சிறிது சிறிதாகக் கட்டிவிடுகிறேன்” என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்காதீர்கள். செய்த சேவைக்கான பணத்தைக் கேட்டு வழக்குப் போடப் பொதுவாக மூன்று ஆண்டுக் காலவரம்பு உண்டு. கடனை ஒப்புக்கொண்டு அந்தக் காலத்துக்குள் எழுதிக் கொடுத்தால் காலவரம்பு அன்றிலிருந்து புதிதாகத் தொடங்கும். அதோடு, நீங்கள் ஏற்காத தொகையை நீங்களே ஏற்றதாகவும் ஆகிவிடும். பாக்கி இல்லை என்ற சீட்டு உங்களுக்குப் பெரிய பலம். ஆனால் சேர்க்கைப் படிவத்தில் “காப்பீட்டு நிறுவனம் தராத தொகையை நான் தருவேன்” என்று கையெழுத்து வாங்கியிருப்பார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். அதனால்தான் சீட்டைக் காட்டிவிட்டுச் சும்மா இருங்கள் என்று சொல்லாமல், ஒவ்வொரு வரியையும் பார்க்கச் சொல்கிறேன். பார்த்த பிறகு பயாப்ஸிக் கட்டணமோ வேறு எதுவோ நியாயம் என்று தெரிந்தால், அதை மட்டும் மருத்துவமனையின் வங்கிக் கணக்கில் கட்டி, எதற்காகக் கட்டினீர்கள் என்று எழுதிய ரசீது வாங்குங்கள். அம்மாவுக்கு நல்லபடியாகச் சிகிச்சை செய்தவர்களுக்குச் சேர வேண்டியது சேரட்டும்.

அதன் பிறகும் தொந்தரவு தொடர்ந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்யுங்கள். கட்டணம் பெற்றுச் செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995இலேயே தீர்ப்பளித்துவிட்டது. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, மருத்துவமனை மதுரையில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான சேவைக்குப் புகார்க் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும்.

கேள்வி: அப்பா தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஒன்பது நாள் ஐ.சி.யு.வில் இருந்து இறந்துபோனார். அன்று கேட்ட பணம் எல்லாம் கட்டித்தான் உடலைக் கொண்டுவந்தோம். நான்கு மாதம் கழித்து 1,12,000 ரூபாய் பாக்கி என்று என் பெயருக்கு வழக்கறிஞர் நோட்டீஸ் வந்திருக்கிறது. அதில் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. என்றும் ஒரு வரி இருக்கிறது. அப்பா பட்ட கடனை அடைப்பது பிள்ளைகளின் கடமை, கட்டிவிடு என்கிறார் அண்ணன். அந்த ஒன்பது நாளில் எத்தனை தாளில் கையெழுத்துப் போட்டேன் என்று எனக்கே தெரியாது.
— வாசகர், கும்பகோணம்

பதில்: உங்கள் இழப்புக்கு என் ஆழ்ந்த வருத்தம். ஐ.சி.யு. வாசலில் நின்றவர்களுக்குத்தான் அந்தக் கையெழுத்துகளின் நிலை தெரியும். உள்ளிருந்து ஒரு நர்ஸ் அட்டையோடு வருவார், நாம் உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டே கையெழுத்துப் போடுவோம்.

அண்ணன் சொல்வது அன்பின் வழியில் சரியாக இருக்கலாம். சட்டத்தின் வழியில் அப்படி இல்லை. தந்தையின் கடனை மகன் தீர்க்க வேண்டும் என்ற பழைய இந்துச் சட்டக் கடமையை, 2005ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டம் அதற்குப் பிந்தைய கடன்களுக்கு நீக்கிவிட்டது. அப்பா விட்டுச் சென்ற சொத்தில் உங்கள் கைக்கு வந்த அளவுக்குத்தான் அவருடைய கடனுக்கு நீங்கள் பொறுப்பு. சொத்து எதுவும் வரவில்லையென்றால் வாரிசு என்ற முறையில் பொறுப்பு இல்லை.

ஆனால் உங்கள் பெயருக்கே நோட்டீஸ் வந்திருப்பதைப் பார்த்தால், சேர்க்கைப் படிவத்தில் பணம் கட்டும் பொறுப்பாளர் என்ற இடத்தில் நீங்கள் கையெழுத்திட்டிருக்கலாம் என்று தோன்றுகிறது. அப்படியானால் அந்தப் பொறுப்பு உங்களுடைய சொந்த வாக்குறுதியாகிவிடும். வாரிசுரிமைச் சட்டம் அதற்கு உதவாது. உறவினர் என்ற முறையில் சிகிச்சைக்குச் சம்மதம் தெரிவித்துப் போட்ட கையெழுத்து வேறு, பணத்துக்குப் பொறுப்பேற்றுப் போட்ட கையெழுத்து வேறு. எந்தத் தாளில் எந்த இடத்தில் என்று தெரியாமல் நீங்கள் எந்தப் பதிலும் சொல்ல முடியாது. ஆகவே நோட்டீசில் குறிப்பிட்ட நாளுக்குள் ஒரு வழக்கறிஞர் மூலம் பதில் அனுப்பி, கையெழுத்திட்ட படிவங்களின் நகலையும் நாள் வாரியான பில்லையும் கேளுங்கள். வழக்கறிஞருக்குச் செலவு செய்ய இயலாவிட்டால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். உதவி எண் 15100.

பில் வந்ததும் மூன்று இடங்களைப் பாருங்கள். முதலில் மருந்து. ஐ.சி.யு.வில் காலையில் ஒரு பை, மாலையில் ஒரு பை என்று மருந்துச் சீட்டு கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். அவற்றில் உடைக்காத ஊசிகளும் பாட்டில்களும் கடைசி நாளில் மருந்துக்கடைக்குத் திரும்பும். திரும்பியவற்றுக்கான வரவு பில்லில் கழிந்திருக்கிறதா என்று பாருங்கள். மரணம் நிகழ்ந்த வீட்டில் இதை யாரும் கேட்பதில்லை என்பதால் இது அடிக்கடி விட்டுப்போகிறது. இரண்டாவது, வென்டிலேட்டர், மானிட்டர் கட்டணங்களை இறப்புச் சான்றிதழில் உள்ள நேரத்தோடு ஒப்பிடுங்கள். உயிர் பிரிந்த பிறகான நேரத்துக்குச் சிகிச்சைக் கட்டணம் இருக்க முடியாது. மூன்றாவது அந்த ஜி.எஸ்.டி. வரி. மருத்துவச் சேவைக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, உள்நோயாளிக்குச் சிகிச்சையின் பகுதியாகத் தரும் மருந்துக்கும் தனியே கிடையாது. நாளொன்றுக்கு 5,000 ரூபாய்க்கு மேல் வாடகை உள்ள அறைகளுக்கு மட்டும் 2022 ஜூலை 18 முதல் 5 சதவீதம் உண்டு, அதிலும் ஐ.சி.யு.வுக்கு விலக்கு உண்டு. எனவே பதினெட்டு சதவீதம் என்ற வரி எதற்கென்று அவர்கள் விளக்கியாக வேண்டும்.

பணம் முழுவதும் கட்டிய பிறகே உடலைக் கொடுத்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். கட்டணத் தகராறைக் காரணம் காட்டி இறந்தவர் உடலை நிறுத்திவைக்கக் கூடாது என்பது, 2019இல் மத்திய சுகாதார அமைச்சகம் மாநிலங்களுக்கு அனுப்பிய நோயாளர் உரிமைச் சாசனத்தில் உள்ள உரிமை. அது இப்போது உங்களுக்குப் பயன்படாது. படிக்கும் வேறொருவருக்குப் பயன்படலாம்.

அப்பாவுக்கு ஏதாவது காப்பீடு இருந்ததா என்றும் தேடிப் பாருங்கள். ஓய்வூதியர் என்றால் அரசின் காப்பீட்டுத் திட்டம் இருந்திருக்கும். கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்க நாள் கடந்துவிட்டது என்று கைவிட வேண்டாம்; நியாயமான காரணம் இருக்கும்போது தாமதம் ஒன்றை மட்டும் வைத்துக் கோரிக்கையை நிராகரிக்கக் கூடாது என்பது ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் அறிவுறுத்தல். தந்தையை இழந்த வீட்டில் தாள்களைத் தேட நான்கு மாதம் ஆவது நியாயமான காரணம்தான்.

அண்ணனிடம் ஒன்று சொல்லுங்கள். கணக்குப் பார்ப்பது அப்பாவை அவமதிப்பதாகாது. நோட்டீஸ் அனுப்பியவர்களுடன் நேரில் பேசித் தீர்க்க விரும்பினால் நிரந்தர மக்கள் நீதிமன்றம் இருக்கிறது. மருத்துவமனைச் சேவையும் பொதுப் பயன்பாட்டுச் சேவையாக அதன் வரம்பில் வருகிறது, கட்டணம் இல்லை, வழக்குக்குப் போகும் முன்பே இரு தரப்பையும் அழைத்துப் பேசவைப்பார்கள்.

கேள்வி: என் கணவருக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையில் ஆஞ்சியோபிளாஸ்டி செய்து ஸ்டென்ட் வைத்தார்கள். பணம் எதுவும் கேட்கவில்லை. இப்போது, உயர்ந்த ரக ஸ்டென்ட் வைத்தோம், திட்டத்தில் குறைவாகத்தான் வந்தது, 35,000 ரூபாய் கொண்டுவாருங்கள் என்கிறார்கள். அடுத்த செக்கப்புக்குப் போகவே பயமாக இருக்கிறது.
— வாசகி, ஈரோடு மாவட்டம்

பதில்: கட்டாதீர்கள், செக்கப்பையும் நிறுத்தாதீர்கள். ஸ்டென்ட் வைத்தவர் இரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் ஒரு நாளும் விடக் கூடாது. அந்த மருத்துவமனைக்குப் போகக் கூச்சமாக இருந்தால் ஈரோடு அரசுத் தலைமை மருத்துவமனைக்கோ கோயம்புத்தூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ டிஸ்சார்ஜ் தாளுடன் போங்கள்.

இந்தத் திட்டம் நோயாளியிடமிருந்து பணம் பெறாமல் சிகிச்சை தருவதற்கென்றே உள்ளது. அனுமதி பெற்ற சிகிச்சைக்கு மருத்துவமனை உங்களிடம் தனியே வசூலிக்கக் கூடாது. திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800 425 3993. அழைத்து, அட்டை எண்ணையும் சிகிச்சை நாளையும் சொல்லிப் புகாரைப் பதிவு செய்து, புகார் எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அதே விவரத்தோடு திங்கட்கிழமைக் குறைதீர் நாளில் ஆட்சியரிடம் மனுவும் கொடுங்கள். பணம் கேட்டு வந்த குறுஞ்செய்தியையோ வாட்ஸ்அப் செய்தியையோ அழித்துவிட வேண்டாம், அதுதான் சான்று. ஸ்டென்ட்டுக்கு 2017 பிப்ரவரியிலிருந்து மத்திய அரசு உச்சவிலை நிர்ணயித்திருக்கிறது. மருத்துவமனை தன் பில்லில் அதன் பெயர், தயாரிப்பாளர், விலை ஆகியவற்றைத் தனியே காட்ட வேண்டும். அந்தப் பெட்டியின் ஒட்டுச்சீட்டு உங்கள் டிஸ்சார்ஜ் கோப்பில் ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: மனைவியைச் சேர்க்கும்போது முன்பணம் போதவில்லை என்று, தொகை எழுதாத காசோலையில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். பிறகு முழுப் பில்லையும் கட்டிவிட்டேன். காசோலையைக் கேட்டதற்கு, தேடித் தருகிறோம் என்றார்கள். இப்போது ஏதோ பாக்கி என்று சொல்லி, கட்டாவிட்டால் அதை வங்கியில் போடுவோம் என்கிறார்கள்.
— வாசகர், திருநெல்வேலி

பதில்: இன்று வந்திருக்கும் கேள்விகளில் உடனே செயல்பட வேண்டியது உங்களுடையதுதான். மற்ற மூவருக்கும் வந்திருப்பது உரிமையியல் கோரிக்கை. உங்களுடையது குற்ற வழக்காக மாறக்கூடியது. வெற்றுக் காசோலையாக இருந்தாலும் அதில் உள்ள கையெழுத்து உங்களுடையது என்றால், அது ஒரு கடனுக்காகவே கொடுக்கப்பட்டது என்றுதான் நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டும் பொறுப்பு உங்கள் மேல் விழும்.

நாளைக்கே மருத்துவமனைக்கு ஒப்புகையுடன் கூடிய அஞ்சலிலும் மின்னஞ்சலிலும் எழுதுங்கள். காசோலை எண், வங்கிக் கிளை, எந்த நாளில் எதற்காகக் கொடுத்தீர்கள், பில் முழுவதும் எந்த நாளில் எந்த ரசீது எண்ணில் கட்டப்பட்டது ஆகியவற்றைக் குறிப்பிட்டு, காசோலையைத் திருப்பித் தருமாறு கேளுங்கள். அவர்கள் அதை வங்கியில் போடுவதற்கு முன்பே இந்தக் கடிதம் போய்ச் சேர்ந்திருப்பது பிறகு உங்களுக்கு மிகவும் உதவும். அந்தக் காசோலைக்குப் பணம் தர வேண்டாம் என்று வங்கிக்கும் காரணத்துடன் எழுத்தில் கொடுங்கள். ஆனால் அதோடு பிரச்சினை முடிந்தது என்று இருந்துவிடக் கூடாது. பணம் தராமல் காசோலை திரும்பினாலும் வழக்குப் போட இடமுண்டு. திரும்பியது தெரிந்த 30 நாளுக்குள் அவர்கள் உங்களுக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது கைக்கு வந்த நாளிலிருந்து உங்களுக்கு 15 நாள் அவகாசம். அந்தப் பதினைந்து நாளுக்குள் வழக்கறிஞர் மூலம், கடன் எதுவும் இல்லை என்பதை ரசீது நகலோடு பதிலாக அனுப்பிவிடுங்கள். அஞ்சல்காரர் கொண்டுவரும் நோட்டீசை வாங்காமல் திருப்பி அனுப்பினாலும் அது சேர்ந்ததாகவே கருதப்படலாம் என்பதால், வீட்டில் இருப்பவர்களிடமும் இதைச் சொல்லி, எந்தத் தாள் வந்தாலும் வாங்கி, உறையோடு எடுத்துவைக்கச் சொல்லுங்கள்.